திரைக்குப் பின்னால் வாசித்தவர்

பல்செட்காரர் என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் அவரைத் தெரியும். பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் நோயாளியின் வாயை அளவெடுத்து அச்சை அனுப்பிவிடுவார்கள். அந்த அச்சுக்குப் பொருந்துகிற மாதிரி பல்வரிசை செய்து கொடுப்பது இவர் வேலை. மருந்துக்கடைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை. மேசையில் மெழுகுக் கட்டிகள், ஸ்பிரிட் விளக்கு, ராவுகிற மெஷின். சுவர் முழுக்கத் தட்டுகளில் பிளாஸ்டர் தாடைகள். அந்த வாய்களுக்குச் சொந்தக்காரர்களில் அநேகமாக யாரையும் அவர் நேரில் பார்த்தது கிடையாது. பார்க்க வேண்டும் என்று நினைத்ததும் கிடையாது.

அவருக்கு ஒரு கோளாறு. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் கை ஓடாது. சின்ன வயதில் கரும்பலகைக்கு முன்னால் நிறுத்தினால் தன் பெயரையே தப்பாக எழுதுவார். கல்யாணப் போட்டோக்களில் ஒன்றில்கூட அவர் கண் திறந்திருக்கவில்லை. டாக்டர்கள் இதைத் தெரிந்துவைத்திருந்தார்கள். வேலை அவசரம் என்றால் அறைக்கு வெளியே நின்றே, "ஆச்சா?" என்று கேட்பார்கள், எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

அவர் மனைவி ஒரு பள்ளிக்கூட ஆபீசில் டைப்பிஸ்ட். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று அவளைச் சொல்வார்கள். மனசில் வைக்காததையெல்லாம் புருஷன் தலையில் வைத்தாள். மற்றபடி கெட்டவள் இல்லை. அவருக்குக் காய்ச்சல் வந்தால் லீவு போட்டுப் பக்கத்தில் உட்காருவாள்; உட்கார்ந்து, போன தடவை வந்த காய்ச்சலுக்கும் அவர் கவனக்குறைவுதான் காரணம் என்று விளக்குவாள். குழந்தைகள் இல்லை.

அவருக்கு இருந்த ஒரே சிநேகிதன் எதிர்ச்சாரியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். உயரம், நல்ல குரல், எந்தக் கூட்டத்திலும் கூச்சமில்லாமல் கலந்துவிடுகிற சுபாவம். அவர் ஒன்றைச் சொன்னால் அது உண்மை மாதிரியே இருக்கும். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து மேல்வரிசைப் பற்களை இழந்தபோது பல்செட்காரர்தான் ராப்பகலாக உட்கார்ந்து புதுசு செய்து கொடுத்தார். ஒரு பல்லை லேசாகக் கோணலாக வைத்து, இன்னொன்றில் டீக்கறை மாதிரி ஒரு நிறம் ஏற்றி, அவ்வளவு இயற்கையாக. அது செயற்கைப் பல் என்று வெளியே ஒருவருக்கும் தெரியாது. தனியாக இருக்கும்போது இவர் அவரை 'லென்ஸ்' என்பார். அவர் இவரை 'பல்லு' என்பார்.

அக்கார்டியனும் சேர்ந்தேதான் வந்தது. ஒரு பாண்டுக் கம்பெனி கலைந்தபோது தோளில் மாட்டித் துருத்தியை விரித்து மூடி வாசிக்கிற இரண்டு அக்கார்டியன் பெட்டிகள் விலைக்கு வந்தன. லென்ஸ் முதலில் தேர்ந்தெடுத்தார். மிஞ்சியதைப் பல்லு எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒரே வாத்தியாரிடம் கற்றார்கள், ஒரே அக்கார்டியன் சங்கத்தில் சேர்ந்தார்கள். லென்ஸ் சங்க மேடைகளில் வாசித்தார். பல்லு சங்கத்துக்கு நாற்காலி போட்டார், பேனர் கட்டினார், விருந்தாளிகளை ஸ்டேஷனில் போய் அழைத்து வந்தார். மேடையில் ஏறியது சில தடவை உண்டு. ஒவ்வொரு தடவையும் தாளம் அவரை விட்டுவிட்டு ஓடியது. அவர் அதைத் துரத்திக்கொண்டு ஓடினார். கூட்டம் சிரித்தது. அப்புறம் யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

ஆனால் அவர் வாசிக்காமல் இல்லை. சாயந்தரம் வேலை முடிந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, தட்டுகளில் வாயைத் திறந்தபடி இருக்கிற தாடைகளுக்கு முன்னால் உட்கார்ந்து வாசிப்பார். அங்கே தாளம் எங்கும் ஓடவில்லை. உள்ளே அவர் நல்ல ரேடியோ வைத்திருக்கிறார் என்று மருந்துக்கடைப் பையன்கள் நினைத்துக்கொண்டார்கள். வீட்டில் வாசிக்க உட்கார்ந்தால் மனைவி வாசல்படியில் வந்து நின்று, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்பாள். அதோடு போயிற்று.

அந்த வருஷம் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து பெரிய மாநாடு நடத்தின. விடுமுறைக்காக மூடியிருந்த ஒரு தொழிற்பயிற்சிக் கல்லூரியை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பகலில் வகுப்பறைகளில் பட்டறைகள், சாயந்தரம் சாப்பாட்டுக் கூடத்தில் விளையாட்டும் நடனமும், தூங்குவதற்கு மாணவர் விடுதியின் இரும்புக் கட்டில்கள். தாழ்வாரம் நெடுக ஆளாளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து பெட்டியை வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்த இரண்டு பெட்டியும் ஒரே சுருதியில் இல்லை. துருப்பிடித்த கேட்டுகள் எல்லாம் ஒன்றுகூடிச் சண்டை போடுகிற மாதிரி இருந்தது.

பதிவு மேசையில் வாசிப்பவர்களுக்கு மஞ்சள் அட்டை. கூட வந்த கணவன், மனைவிகளுக்கு 'உடன் வந்தவர்' என்று அச்சடித்த வெள்ளை அட்டை. மேசையில் இருந்தவர் அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டார். மஞ்சள் பல்செட்காரர் மனைவி கைக்குப் போயிற்று, வெள்ளை அவர் கைக்கு வந்தது.

"மாத்தாதீங்க. சரியாத்தான் குடுத்திருக்காங்க" என்றார் லென்ஸ். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மனைவியும் சிரித்துக்கொண்டே மஞ்சள் அட்டையைக் கழுத்தில் மாட்டிப் பார்த்தாள். பிறகுதான் மாற்றிக்கொண்டார்கள்.

பட்டறை நடத்த வெளியூரிலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தார். குள்ளமான உருவம், நரைத்த கிராப்பு. எல்லாரும் டீச்சர் என்றார்கள். அவர் வாசித்துக் கேட்டவர்கள் அதை மறக்க மாட்டார்கள். அவரிடம் பேச்சு வாங்கியவர்களும் மறக்க மாட்டார்கள். தான் இயற்றிய மெதுவான வால்ட்ஸ் நடன மெட்டு ஒன்றைச் சில மாதங்களுக்கு முன்பே எல்லாச் சங்கங்களுக்கும் அனுப்பியிருந்தார். அதில் நடுவே ஒரு நீளமான வரி. துருத்தியை ஒரே ஒரு தடவை விரித்து, அந்த ஒரே காற்றில் வரி முழுவதையும் வாசித்து, கடைசிச் சுரத்தை ஒன்றுமில்லாமல் கரைய விட வேண்டும். பெரிய ஆட்கள்கூட அங்கே காற்றுப் போதாமல் மாட்டிக்கொண்டார்கள்.

முதல் நாள் துருத்திப் பட்டறை. டீச்சர் ஒவ்வொருவராக எழுப்பி ஒரே ஒரு சுரத்தை மட்டும் பிடிக்கச் சொன்னார். லென்ஸ் பிடித்தார். "பரவாயில்ல. மூடும்போது பெட்டி ஒரு இருமல் இருமுது. கவனிங்க" என்றார். பல்செட்காரர் முறை வந்தது. வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சுரம் நடுங்கியது.

"நிறுத்துங்க" என்றார் டீச்சர். "நீங்க வாசிக்கல. உங்களை யாரோ துரத்தறாங்க. திரும்பிப் பாருங்க, யாரும் இல்ல."

அவர் நிஜமாகவே திரும்பிப் பார்த்தார். அதற்குத்தான் சிரிப்பு அதிகமாக வந்தது. அன்றைக்கு முழுவதும், அவர் தாழ்வாரத்தில் நடந்தால் யாராவது ஒருவர் பின்னாலேயே காலடி வைத்துக் காட்டினார்கள். மதியம் பழுதுபார்க்கும் பட்டறையில் அவர் கையில் விளக்கைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தார்.

இரண்டாம் நாள் காலையில் டீச்சர் ஓர் அறிவிப்புச் செய்தார். கடைசி நாள் மேடையில் அந்த வால்ட்ஸைத் தன்னோடு சேர்ந்து வாசிக்க ஒருவரைத் தேர்ந்தெடுக்கப்போகிறார். யார் என்று சாயந்தர விளையாட்டின்போது தீர்மானிப்பார்.

சாயந்தர விளையாட்டு இது. சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு நீலத் திரை. அதைக் கட்டியவர் பல்செட்காரர்தான். இரண்டு இரண்டு பேராகத் திரைக்குப் பின்னால் போக வேண்டும். ஒருவர் மட்டும் வாசிப்பார். யார் வாசித்தது என்று கூட்டம் கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும். பிறகு திரையை விலக்கினால், வாசித்தவர் எழுந்து நிற்பார். எல்லாரும் அந்த வால்ட்ஸின் நடுப்பகுதியைத்தான் வாசித்தார்கள். விளையாட்டு நடத்திய சங்கச் செயலாளர், சிரிப்புக்காகவே லென்ஸையும் பல்செட்காரரையும் ஒரு ஜோடியாகக் கூப்பிட்டார்.

"யார் வாசிக்கறதுன்னு நீங்களே உள்ள பேசி முடிவு பண்ணிக்குங்க. எங்களுக்கு ரொம்பக் கஷ்டமான கேள்வி" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

திரைக்குப் பின்னால் இரண்டு நாற்காலி. லென்ஸ் உட்கார்ந்து காலை நீட்டினார்.

"நீயே வாசி பல்லு. எனக்கு விரல் கடுக்குது. நீ வாசிச்சா உடனே கண்டுபிடிச்சிடுவாங்க. சீக்கிரம் டீ குடிக்கப் போலாம்."

பல்செட்காரர் தோள்வாரை இழுத்துவிட்டுக்கொண்டார். எதிரே நீலத்துணி. துணிக்கு அந்தப் பக்கம் அத்தனை பேர் இருந்தார்கள்; ஆனால் ஒருவர் கண்ணும் அவர் மேல் இல்லை. லென்ஸ்கூட நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறைக்கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி இருந்தது. அவர் வாசித்தார்.

முதல் வரியிலேயே அந்தப் பக்கத்தில் டீக்கோப்பைகளின் சத்தம் நின்றது. நீண்ட வரி வந்தபோது அவர் துருத்தியை அவசரமில்லாமல், மெழுகுத் தகட்டை விரிக்கிற பக்குவத்தில் விரித்தார். காற்றுப் போதாமல் போகவில்லை, மிச்சம்கூட இருந்தது. கடைசிச் சுரம் மெலிந்து, மெலிந்து, எப்போது நின்றது என்று அவருக்கே தெரியவில்லை.

லென்ஸ் நகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

வெளியே செயலாளரின் குரல் கேட்டது. "சரி, வாசிச்சது கண்ணாடிக்கடைக்காரர்னு சொல்றவங்க கையத் தூக்குங்க."

நாற்காலிகள் நகரும் சத்தம்.

"அடேயப்பா. பல்செட்காரர்னு சொல்றவங்க?"

முதலில் ஒரு சிரிப்பு. பிறகு கூடம் முழுக்கச் சிரிப்பு. "பாவம், ஒருத்தராவது தூக்குங்கப்பா" என்றார் யாரோ. செயலாளர், "அம்மா, நீங்க சொல்லுங்க. உங்க வீட்டுக்காரர் இல்லையா இது?" என்று கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது. அதைவிடத் தெளிவாக விழுந்தது அவர் மனைவியின் பதில்.

"அவராவது, இப்படி வாசிக்கறதாவது. நான் அப்பவே கையத் தூக்கிட்டேன் சார், கண்ணாடிக்கடைக்காரருக்கு. இத்தனை வருஷம் கேட்டவ நான். எனக்குத் தெரியாதா?"

திரை விலகியது. பல்செட்காரர் எழுந்திருக்கப் பார்த்தார். பெட்டியின் கீழ்வார் நாற்காலிக் கையில் மாட்டிக்கொண்டது. அதை அவர் விடுவிப்பதற்குள் பக்கத்தில் லென்ஸ் எழுந்து நின்றுவிட்டார்.

கைதட்டல் அடங்குவதாக இல்லை. லென்ஸ் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். நிமிர்ந்தபோது சிரித்தார். அந்தச் சிரிப்பில் தெரிந்த அத்தனை பல்லும் பல்செட்காரர் கையால் செய்தது.

"நான்தான் வாசிச்சேன்" என்றார் பல்செட்காரர். சத்தமாகச் சொன்னதாகத்தான் அவர் நினைத்தார். முன்வரிசைக்கு மட்டும் கேட்டது. அவர்கள் சிரித்தார்கள். நல்ல ஜோக் என்று பின்வரிசைக்கும் சொல்லி அனுப்பினார்கள். "இல்ல, நிஜமா. நான்தான். லென்ஸ், சொல்லேன்டா."

லென்ஸ் தோளைக் குலுக்கி, கூட்டத்தைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

டீச்சர் எழுந்து முன்னால் வந்தார். "இதுல என்ன தகராறு? ரெண்டு பேரும் அந்த வரிய மறுபடி வாசிங்க."

லென்ஸ் வாசித்தார். வரி முடிவதற்குள் காற்றுத் தீரப் பார்த்தது. அனுபவசாலி ஆனதால் சுரத்தைச் சுருக்கி ஒப்பேற்றினார். கேட்டவர்களுக்கு அது போதும். ஏற்கெனவே நம்பிவிட்டவர்களுக்கு எதுவும் போதும். அடுத்து பல்செட்காரர். திரை இல்லை. அத்தனை கண்ணும் அவர் மேல் இருந்தது. இரண்டாவது வரிசையிலிருந்து மனைவி, உட்காருங்க, உட்காருங்க என்று உள்ளங்கையைக் கீழே அழுத்திக் காட்டிக்கொண்டிருந்தாள். அவர் விரல்கள் முதல் சுரத்திலேயே தப்பான கட்டையில் விழுந்தன. துருத்தி ஒரு குலுக்குக் குலுக்கி, பாதி வரியில் முழுக்க விரிந்து நின்றுவிட்டது. யாரோ வாயால் டயர் வெடிக்கிற சத்தம் போட்டார்கள்.

லென்ஸ் வந்து அவர் தோளில் கை போட்டார். "விடுங்க, பாவம். விளையாட்டுக்குச் சொன்னான்."

கடைசி நாள் மேடைக்கு டீச்சர் லென்ஸைத் தேர்ந்தெடுத்தார்.

சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நிற்கும்போது பல்செட்காரர் மனைவியிடம் சொல்லிப் பார்த்தார். அவள் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "போதுங்க. வராததை வந்துச்சுன்னு சொன்னா வந்துடுமா? எனக்கு இங்க நாலு பேர் முகத்தில முழிக்க வேண்டாமா?"

மறுநாள் காலை, காலியாக இருந்த ஒரு வகுப்பறையில் பல்செட்காரர் தனியாக உட்கார்ந்திருந்தார். லென்ஸ் பெட்டியோடு வந்தார். எதிர் பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார்.

"கோவமா?"

இவர் தன் பெட்டியின் தோள்வாரைச் சரிசெய்தார்.

"எழுந்திருக்கணும்னு எழுந்திருக்கல பல்லு. எல்லாரும் என் பேரைச் சொன்னாங்க, கால் தானா எழுந்துடுச்சு. அப்புறம் உட்கார முடியல. அவ்வளவுதான்."

"இப்ப போய்ச் சொல்லு."

"சொல்றேன். இன்னைக்கு மேடையிலயே, மைக்குலயே சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி நான் வாசிச்சாகணுமே. அந்த வரி எனக்கு வரல. நீ எப்படிப் பண்ணே? காட்டு."

இத்தனை வருஷத்தில் அக்கார்டியனைப் பற்றிப் பல்செட்காரரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. அதுதான் அவரை விழ வைத்தது. லென்ஸை ஜன்னல் பக்கம் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு வாசித்துக் காட்டினார். பிறகு லென்ஸின் இடது கை மேல் தன் கையை வைத்து, "இழுக்காத. தானா விழட்டும். நீ தடுத்தா மட்டும் போதும்" என்று சொல்லிக் கொடுத்தார். மதியத்துக்குள் லென்ஸுக்கு வரி வந்துவிட்டது. வந்ததும், இவர் வாசித்ததைவிடத் திருத்தமாகவே வந்தது. லென்ஸ் அப்படிப்பட்ட ஆள்.

"மேடையில சுரத்தாள் பக்கம் திருப்ப நீ வாடா" என்றார் லென்ஸ். "பக்கத்துல நீ நின்னா எனக்குத் தைரியம். சொல்றதுக்கும் வசதி."

மேடை கல்லூரியின் பெரிய அரங்கத்தில். மஞ்சள் அட்டை, வெள்ளை அட்டை எல்லாரும் வந்திருந்தார்கள். டீச்சர் மனப்பாடமாக வாசிப்பவர். அவருக்குத் தாள் தேவையில்லை. லென்ஸுக்கு முன்னால் மட்டும் ஒரு ஸ்டாண்டும் அதில் தாள்களும். இஸ்திரி போட்ட சட்டையில் பல்செட்காரர் அதன் பக்கத்தில் நின்றார். மனசில் ஒரு சந்தோஷம் இருந்தது. இரண்டாவது வரிசையில் மனைவி இருந்தாள். இன்னும் சற்று நேரத்தில் அவளுக்குத் தெரிந்துவிடும்.

லென்ஸ் மைக்கைப் பிடித்தார்.

"அந்த வரி எப்படி வந்துச்சுன்னு நேத்துலேர்ந்து எல்லாரும் கேக்கறாங்க. ரகசியம் ஒண்ணும் இல்ல. பயிற்சிதான்." கைதட்டல். லென்ஸ் பக்கவாட்டில் திரும்பிப் பல்செட்காரரைப் பார்த்தார். ஒரு கணம் தயங்கினார். அந்த ஒரு கணத்தில் சொல்லியிருக்கலாம். கூட்டம் சிரிப்பதற்குத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தது. லென்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டத்தை ஏமாற்றத் தெரியாது.

"பக்கம் திருப்ப என் பழைய சிநேகிதன் வந்திருக்கான். வாசிக்க வராட்டியும் இவனுக்குப் பக்கம் திருப்ப வரும்னு நம்பறேன்."

அரங்கம் அதிர்ந்தது. பல்செட்காரர் மனைவியைப் பார்த்தார். கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு அவளும் குலுங்கிக்கொண்டிருந்தாள்.

வாசிப்பு ஆரம்பமாயிற்று. டீச்சரின் பெட்டியும் லென்ஸின் பெட்டியும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு போயின. முதல் பக்கத்தின் கடைசிச் சுரத்தில் லென்ஸ் தலையை அசைத்தார். பல்செட்காரர் இரண்டு தாள்களைச் சேர்த்துத் திருப்பினார்.

தெரியாமல் நடந்தது அல்ல. மெழுகில் மயிரிழை தடிமனை விரலால் உணர்கிற கை அது. இரண்டு தாள் என்று தெரிந்துதான் திருப்பியது. திருப்பிய பிறகு, தாள் மேலேயே உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

லென்ஸ் கொஞ்ச தூரம் ஞாபகத்திலேயே போனார். பிறகு கண் தாளுக்கு வந்தது. அங்கே வேறு எதுவோ இருந்தது. வலது கை நின்றது. இடது கை மட்டும் தாழ்சுரப் பொத்தான்களை வீணாகத் தட்டிக்கொண்டிருந்தது. "பக்கம், பக்கம்" என்றார். மைக் அதையும் அரங்கம் முழுக்கச் சொன்னது. பல்செட்காரர் கையை எடுக்கவில்லை. லென்ஸ் அந்தக் கையைப் பிடித்து இழுத்தார். ஸ்டாண்டு சரிந்து தாள்கள் மேடையில் பரவின. டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்காமல் தனியாக வாசித்து முடித்தார். அந்த நீண்ட வரியை அவர் வாசித்தபோது லென்ஸ் முழங்காலிட்டுத் தாள் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

வாசிப்பு முடிந்ததும் லென்ஸ் மைக்குக்கு வந்தார். முகம் வெளிறியிருந்தது, குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"மன்னிச்சிடுங்க. நேத்து திரை விலகினதிலேர்ந்து அவனால தாங்கிக்க முடியல. அவன் மேல யாரும் கோவப்படாதீங்க."

அதற்கு எழுந்த கைதட்டல், நன்றாக வாசித்திருந்தால்கூட எழுந்திருக்காது. எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். மேடைப் படி இறங்கும்போது யாரோ ஒருவர் பல்செட்காரரின் மஞ்சள் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி வாங்கிக்கொண்டார். அவர் குனிந்து கொடுத்தார்.

அரங்கத்தின் பின்னால் டீச்சர் பெட்டியை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். பல்செட்காரர் அந்த வழியாகத்தான் வெளியே போக வேண்டியிருந்தது.

"நில்லுங்க" என்றார் டீச்சர். "நேத்து திரைக்குப் பின்னால வாசிச்சது நீங்கதான்."

அவர் நின்றார். "உங்களுக்கு எப்படி..."

"அவர் பெட்டி மூடும்போது இருமும். நேத்து வாசிச்ச பெட்டி இருமல."

"அப்ப நேத்தே தெரியும்."

"தெரியும்."

"சொல்லியிருக்கலாமே, டீச்சர்."

"எதுக்கு? எனக்கு மேடையில ஒரு ஆள் வேணும். நீங்க துணிக்குப் பின்னால வாசிக்கற ஆள். ஜனங்க முன்னால வாசிக்கற ஆளைத்தான் கூட்டிக்க முடியும். அவரும் கடைசியில கவுத்துட்டார், அது வேற."

"இப்பவாவது சொல்லுங்க. அவங்க எல்லாரும் இன்னும் இங்கதான் இருக்காங்க. என் வீட்டுக்காரிகிட்ட மட்டுமாவது."

டீச்சர் உறையின் ஜிப்பை இழுத்து மூடினார். "இவ்வளவு பண்ணினதுக்கு அப்புறம் நான் சொன்னா, உங்களுக்காகப் பரிதாபப்பட்டுச் சொல்றேன்னு நினைப்பாங்க. எனக்கு வண்டிக்கு நேரமாச்சு." போகிற போக்கில் ஒருமுறை நின்று, "அந்தக் கடைசிச் சுரம் நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். கேட்க அங்கே வேறு யாரும் இல்லை.

ஊர் திரும்பும் பஸ்ஸில் சங்கத்துக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். மனைவி முன்சீட்டில் செயலாளரின் மனைவியோடு உட்கார்ந்துகொண்டாள். பல்செட்காரர் பக்கத்துச் சீட்டில் அக்கார்டியன் பெட்டி வந்தது. வழியில் டீக்கு நிறுத்தியபோது அவருக்கு மட்டும் யாரும் டீ வாங்கி வரவில்லை. அவர் இறங்கவும் இல்லை.

சங்கத்திலிருந்து அவரை நீக்கிவிட்டார்கள். அது தெரியாத மாதிரி அடுத்த கூட்டத்துக்கு நாற்காலி போடப் போனார். வாசலிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். லென்ஸ் கடையை அந்தத் தெருவிலிருந்து மாற்றவில்லை. காலையில் லென்ஸ் ஷட்டரைத் தூக்கும்போது எதிரே பல்செட்காரர் மருந்துக்கடைக்குள் நுழைவார். பார்த்துக்கொள்ள மாட்டார்கள். லென்ஸ் அந்தக் கதையைக் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிச் சொன்னார். நாளாக நாளாக அவருக்கே அது உண்மையாகிவிட்டது. தான்தான் திரைக்குப் பின்னால் வாசித்ததாக அவர் நிஜமாகவே நம்பினார் என்று அவரைத் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ஏனென்றால் அந்த வரியை அவர் இப்போது அப்படியே வாசிக்கிறார்.

பல்செட்காரர் வாசிப்பதை விடவில்லை. ஆனால் மருந்துக்கடைப் பையன்கள் இப்போது அது ரேடியோ இல்லை என்று தெரிந்துகொண்டார்கள். கதவு இடுக்கு வழியாக எட்டிப் பார்க்கிறார்கள். அது அவருக்குத் தெரியும். அதனால் அங்கேயும் தாளம் ஓட ஆரம்பித்துவிட்டது.

மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து குடைக்கம்பி ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்தார். அந்த மாநாட்டைப் பற்றி அதற்குப் பிறகு அவர்கள் பேசியதே இல்லை. அவள் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"கோவிச்சுக்காம ஒண்ணு சொல்லுங்க. ரொம்ப நாளா மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. அன்னைக்கு நீங்க வாசிச்சிருப்பீங்களோ?"

அவர் கம்பியைக் கீழே வைத்தார். அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை. ஆனால் கத்தி மெதுவாகியிருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அன்று தூக்கிய கையை இனிமேல் ஒவ்வொரு நாளும் அவள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதை அவர் விரும்பினாரா, விரும்பவில்லையா என்று அவருக்கே தெரியவில்லை. நிமிர்ந்தபோது அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கம்பியை மறுபடி எடுத்துத் தப்பான துளையில் செருகினார்.

"இல்ல" என்றார். "அவன்தான் வாசிச்சான்."

"அதானே" என்றாள் அவள். பெருமூச்சு விட்டுக்கொண்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். "எனக்கு அப்பவே தெரியும்."